ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் வண்டியைக் கூப்பிடும் முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூர் பக்கம் வீடு கட்டப் போகிறோம். ஊரில் தம்பிதான் எல்லாம் பார்க்கிறான். போர் போடும் ஏஜெண்ட் ஒருவர் ‘அடிக்கு இவ்வளவு, 300 அடியில் தண்ணி கேரண்டி’ என்கிறாராம். பக்கத்து வீட்டில் 180 அடியில் நல்ல தண்ணீர். அதற்கடுத்த வீட்டில் 650 அடி போட்டும் வெறும் புழுதி. இங்கே இருந்துகொண்டு எதைக் கேட்பது, எதை எழுதி வாங்குவது?
– வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: கேரண்டி என்று சொன்னவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம். உங்கள் பக்கம் கடினப் பாறைப் பூமி. மேலே கொஞ்சம் செம்மண், அடுத்து சரளையும் மக்கிய பாறையும், அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மக்கிய பாறையின் இடுக்குகளில் தண்ணீர் நிற்கும். அதை விட்டால் கெட்டிப் பாறையின் வெடிப்புகளில்தான். வெடிப்பு எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்து ஓடும் என்று மேலே நின்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுத் துளை ஒரு வெடிப்பைக் குத்தியது, அடுத்த வீட்டுத் துளை எதையும் தொடவில்லை. பொதுவாக ஆழம் போகப் போக மேல்பாறையின் எடை வெடிப்புகளை அமுக்கிவிடும். அதனால் ‘இன்னும் நூறு அடி போனா வந்துரும்’ என்ற பேச்சுக்கு ஒவ்வொரு நூறு அடிக்கும் மதிப்புக் குறைகிறது. அடிக்கணக்கில் கூலி வாங்குபவர் அதைச் சொல்ல மாட்டார்.

தம்பி முதலில் செய்ய வேண்டியது, அரைக் கிலோமீட்டர் சுற்றில் ஐந்தாறு போர்களை விசாரித்து நோட்டில் எழுதுவது. எல்லாரும் ‘எத்தனை அடி?’ என்று மட்டும் கேட்பார்கள். கேசிங் (மேல்மண் சரியாமல் துளைக்குள் இறக்கும் பைப்) எத்தனை அடி இறங்கியது, முதல் தண்ணீர் எந்த அடியில் வந்தது, மோட்டார் இப்போது எந்த அடியில் தொங்குகிறது, சித்திரை வைகாசியில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பவை அதைவிட முக்கியம். கேசிங் 70 அடி போயிருந்தால், அந்த இடத்தில் மக்கிய பாறை கனமாக இருக்கிறது, மழைநீர் தங்க இடமுண்டு. 15 அடியிலேயே நின்றிருந்தால், வெடிப்பை மட்டும் நம்பி இறங்குகிறீர்கள். செலவில்லாத இந்த விசாரணை பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

நீரோட்டம் பார்ப்பது பற்றி. குச்சி, தேங்காய் வைத்துப் பார்ப்பவரைக் கூப்பிடுவது குடும்பத்தார் விருப்பம். தட்சணை கொடுங்கள், ஆழத்தை மட்டும் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மின்தடை (ரெசிஸ்டிவிட்டி) ஆய்வு வேறு விஷயம். நான்கு கம்பிகளை நேர்க்கோட்டில் ஊன்றி, வெளிக் கம்பிகள் வழியே கரண்ட் செலுத்தி, உள் கம்பிகளுக்கு இடையே வோல்ட்டேஜ் அளப்பார்கள். மக்கிய பாறை எவ்வளவு கனம் என்று இது நன்றாகவே காட்டும், ஒடுங்கிய வெடிப்பைத் தவறவிடும். வெளிக் கம்பிகளின் இடைவெளி, பார்க்க வேண்டிய ஆழத்தைப் போலக் குறைந்தது மூன்று நான்கு மடங்கு இருக்க வேண்டும். மூன்று சென்ட் மனைக்குள் நின்றுகொண்டு ‘480 அடியில் ரெண்டு ஊத்து’ என்று ஒருவர் சொன்னால், கம்பியை எங்கே ஊன்றினார் என்று கேளுங்கள். வயர் தெருவையும் பக்கத்து வயலையும் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

இனி விலை. ஏஜெண்ட் உள்ளூர்க்காரராக இருப்பார், ரிக் எனப்படும் துளைக்கும் வண்டி திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வரும். தகராறு வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்கள். எனவே யார் பெயரில் ரசீது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். அடி விலை 300 அடி வரை ஒன்று, அதற்குமேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் ஏறும் என்பதுதான் வழக்கம். அந்த ஏற்றத்தைக் கடைசி அடி வரை எழுதி வாங்குங்கள். ‘அடிக்கு இவ்வளவு’ என்று சொல்லும் தொகையில் கேசிங் பைப் சேராது, அதற்குத் தனி விலை. பைப்பில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 12818 என்ற எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும், அந்த எழுத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தண்ணீர் வராவிட்டாலும் துளைத்த அடிக்குக் காசு உண்டு. அது நியாயம்தான், டீசல் எரிந்திருக்கிறது.

வீட்டுக்கு ஆறரை இஞ்ச் துளையே போடுங்கள். நாலரை இஞ்சில் கூலி குறையும், ஆனால் நாலு இஞ்ச் மோட்டார் அதில் உரசிக்கொண்டுதான் இறங்கும். துளை கொஞ்சம் கோணினாலோ ஒரு கல் பெயர்ந்து விழுந்தாலோ மோட்டார் உள்ளேயே சிக்கிவிடும். அதை மீட்கும் செலவில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். சுற்றுச்சுவர் கட்டுவதற்கு முன்பே போரை முடியுங்கள். ரிக் ஒன்று, கம்ப்ரசர் ஒன்று என்று இரண்டு கனரக வண்டிகள் உள்ளே வரவேண்டும், மேலே மின்கம்பி இருக்கக்கூடாது. செப்டிக் டேங்க் குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும், முடிந்தால் மேட்டுப்பக்கம் வேண்டாம். அனுமதி வாங்கும் வேலையும் உண்டு. துளைப்பதற்கு 15 நாள் முன்பே உரிய அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் வகுத்த நெறிமுறை சொல்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் தொடங்குங்கள்.

துளைக்கும் அன்று தம்பிக்கு இரண்டே வேலை: ராடு (துளைக்கும் இரும்புத் தண்டு) எண்ணுவது, தூள் சேர்ப்பது. ராடு ஒன்று 20 அடியா 10 அடியா என்று முதல் ராடு ஏறும் முன்பே டேப் வைத்து அளக்கட்டும். ஒவ்வொரு ராடுக்கும் நோட்டில் ஒரு கோடு. பத்து அடிக்கு ஒருமுறை, வெளியே வரும் தூளில் ஒரு கைப்பிடி எடுத்து, விரித்த சாக்கின் மேல் வரிசையாக வைக்கட்டும், பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டில் அடிக்கணக்கு. சிவப்பு மண் மஞ்சளாகி, மஞ்சள் பழுப்புச் சரளையாகி, பிறகு ஒரேயடியாக மாவு போன்ற சாம்பல் நிறத் தூள் வரும். கெட்டிப் பாறை தொடங்கும் இடம் அது. கேசிங் அந்தப் பாறைக்குள் ஐந்து முதல் பத்து அடியாவது இறங்கி உட்கார வேண்டும். மக்கிய பாறையிலேயே நிறுத்திவிட்டால் ஒரு மழைக்காலத்தில் பைப்புக்கு அடியில் மண் சரியும், தண்ணீர் கலங்கும், மோட்டார் மணலைத் தின்னும். போர் கெட்டுப்போவதற்கு நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம் இதுதான். வண்டிக்காரர் அவசரப்படுவதும் இங்கேதான். பைப்புக்கு வெளியே உள்ள இடைவெளியை வெட்டிய மண்ணால் நிரப்பாமல், மேல் பத்து அடிக்காவது சிமெண்ட் கலவை ஊற்றச் சொல்லுங்கள். தெருச் சாக்கடை உள்ளே இறங்குவது அந்த இடைவெளி வழியாகத்தான்.

சாம்பல் தூள் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் துருப்பிடித்த பழுப்பு நிறச் சில்லுகள் வந்தால், ராடு திடீரென வேகமாக இறங்கினால், வெடிப்பைத் தொட்டாயிற்று. அந்த அடியைப் பெரிதாக எழுதி வட்டம் போடட்டும். பிறகு புழுதி அடங்கிச் சேறாகும், தண்ணீர் வரும்.

வந்த தண்ணீரை ‘ஒரு இஞ்ச், ரெண்டு இஞ்ச்’ என்பார்கள். முக்கோண வெட்டுள்ள தகட்டின் வழியே தண்ணீரை விட்டு, வெட்டின் அடியிலிருந்து நீர்மட்டம் எத்தனை இஞ்ச் உயரம் என்று பார்க்கும் கணக்கு இது. 90 டிகிரி வெட்டில் ஒரு இஞ்ச் என்றால் நிமிடத்துக்கு சுமார் எட்டரை லிட்டர், மணிக்கு 500 லிட்டர். இரண்டு இஞ்ச் என்றால் அதைப் போல இரு மடங்கு என்று நினைப்பீர்கள், ஐந்து மடங்குக்கு மேல்: நிமிடத்துக்கு சுமார் 48 லிட்டர். மூன்று இஞ்சில் 130 லிட்டரைத் தாண்டும். தகடு இல்லாமல் வெறும் கண்ணால் ‘ரெண்டு இஞ்ச் இருக்கும்’ என்றால் ஏற்காதீர்கள். 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை நிமிடம் என்று பார்த்தால் போதும்.

ஐந்து பேர் வீட்டுக்கு, ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தாலும் நாளுக்கு 700 லிட்டருக்குள்தான். தோட்டத்தையும் சேர்த்து ஆயிரம் வையுங்கள். ஒரு இஞ்ச் தண்ணீர் நிலையாக வந்தால் இரண்டு மணி நேரத்தில் தொட்டி நிறைந்துவிடும். அது கிடைத்த பிறகும் ‘இன்னும் கொஞ்சம் போகலாம்’ என்றால், எதற்கு என்று கேளுங்கள். ஆனால் கம்ப்ரசர் காற்றில் தள்ளும் தண்ணீர் வேறு, மோட்டார் போட்டு நிற்கும் தண்ணீர் வேறு. தை மாதம் போட்ட போர் எதுவும் அழகாகத்தான் கொட்டும். மோட்டார் இறக்கியதும் ஆறு மணி நேரம் ஓடவிட்டு, நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது, நிறுத்திய பிறகு எத்தனை மணி நேரத்தில் ஏறியது என்று குறித்துக்கொள்ளட்டும்.

தண்ணீரே வராவிட்டால் எங்கே நிறுத்துவது என்பதை வண்டி வருவதற்கு முதல் நாளே தம்பியும் நீங்களும் முடிவு செய்துகொள்ளுங்கள். இரைச்சலுக்கும் புழுதிக்கும் நடுவே நின்று எடுக்கும் முடிவு பெரும்பாலும் ‘சரி, இன்னும் நூறு’ என்றுதான் இருக்கும். முழுப் பணத்தையும் முன்பே அனுப்பாதீர்கள். தண்ணீர் தெளியும் வரை கம்ப்ரசர் அடித்து, கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆழம் பார்த்து, ரசீதில் மொத்த அடி, கேசிங் அடி, தண்ணீர் வந்த அடி மூன்றும் ஏறிய பிறகு பாக்கியைக் கொடுத்தால் போதும்.

கேள்வி: எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். நண்பருக்குப் போர் போட்ட அதே வண்டியைக் கூப்பிடலாமா? அவர் ஊர் நாமக்கல்.
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: வேண்டாம். நாமக்கல்லில் வேலை செய்த காற்றுச் சுத்தியல் உங்கள் மணலில் உதவாது, துளை போடப் போட மண் சரிந்து மூடும். கடற்கரை மணலுக்குக் கைபோர் அல்லது சேற்று நீர் சுழற்றித் துளைக்கும் வண்டி வேண்டும். உள்ளே துளையிட்ட பில்டர் பைப்பும், அதைச் சுற்றி ஒரே அளவான பொடிக் கூழாங்கல்லும் இறங்க வேண்டும். கூழாங்கல் மணலைத் தடுக்கும் அளவில் இல்லாவிட்டாலோ, பில்டரின் கீறல் அந்தக் கூழாங்கல்லைவிடப் பெரிதாக இருந்தாலோ காலத்துக்கும் மணல் வரும்.

அதைவிட முக்கியம், ஆழம் போகாதீர்கள். உங்கள் பக்கம் மணல்மேட்டில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, அதன் அடியில் உப்பு நீர். கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: பெரிய மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஒரு அடி குறைத்தால், உப்பு 40 அடி மேலே வரப் பார்க்கும். சின்ன மோட்டார், ஆழமில்லாத துளை, விட்டுவிட்டு ஓட்டுவது. ஒருமுறை உப்பேறிய துளை திரும்புவதற்கு மழைக்காலங்கள் பல ஆகும்.

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் தரைவீட்டுத் தோட்டத்துக்கு ஒரு சின்ன போர் போட்டால் என்ன? மழைதான் இவ்வளவு பெய்கிறதே.
– வாசகர், சிராங்கூன்

பதில்: முதலில் காசுக் கணக்கு. தோட்டத்துக்கு நாளுக்கு 200 லிட்டர் ஊற்றினால் மாதம் 6 கனமீட்டர். 2025 ஏப்ரல் முதல் 40 கனமீட்டர் வரையிலான வீட்டுப் பயனீட்டுக்குக் கனமீட்டர் 3.24 வெள்ளி, பொருள் சேவை வரி தனி. மாதம் இருபது வெள்ளி சொச்சம். அதை மிச்சம் பிடிக்க யாரும் துளைக்கும் இயந்திரத்தைக் கூப்பிட மாட்டார்கள்.

இங்கே துளைப்பவர்கள் பெரும்பாலும் கட்டுமான மண் பரிசோதனைக்காரர்கள், கிணறு தோண்டுபவர்கள் அல்ல. 2015இல் திருத்திய சட்டப்படி, நிலப்பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, உங்கள் நிலத்தடி உரிமை சிங்கப்பூர் உயர அளவைமட்டத்துக்கு (ஏறக்குறைய கடல்மட்டம்) கீழே 30 மீட்டரோடு முடிகிறது. எம்ஆர்டி கட்டமைப்பின் விளிம்பிலிருந்து 40 மீட்டருக்குள் என்றால் ரயில் பாதுகாப்பு வட்டாரம், நிலப் போக்குவரத்து ஆணையத்தைக் கேட்காமல் ஒரு துளையும் போட முடியாது. கழிவுநீர்க் குழாய், ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பு பக்கத்தில் போனால் பொதுப் பயனீட்டுக் கழகம். மின்கம்பி இருக்கிறதா என்று உரிமம் பெற்றவர் வந்து பார்க்க வேண்டும்.

மண்ணும் இடத்துக்கு இடம் மாறும். தீவின் நடுவிலும் வடக்கிலும் புக்கிட் தீமா கருங்கல். அதன் வெடிப்பு வழியாகத்தான் செம்பவாங்கில் 70 டிகிரி வெந்நீர் வருகிறது. மேற்கே ஜூரோங்கில் மணற்கல்லும் களிக்கல்லும், இடையில் பொந்து விழுந்த சுண்ணாம்புக்கல்லும். கிழக்கே பிடோக், தெம்பனிஸ் பக்கம் இறுகிய பழைய வண்டல். காலாங் படுகையிலும் ஆற்று முகங்களிலும் கடல் களிமண். அந்தக் களிமண்ணுக்கு அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சினால் களிமண் சுருங்கும், மேலே நிற்கும் வீடும் நடைபாதையும் இறங்கும். உங்கள் வீடு மட்டும் அல்ல, பக்கத்து வீடும்.

மழையைப் பிடியுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை ஆயிரம் லிட்டர். மூடியுள்ள தொட்டி, வாயில் கொசுவலை, அவ்வளவு போதும். வலை இல்லையென்றால் ஏடிஸ் கொசு குடியேறிவிடும்.

கேள்வி: கேலாங்கில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறோம். மண் பரிசோதனை அறிக்கையில் ‘என் (N) மதிப்பு 0, 1, 12, 2’ என்று வருகிறது. குத்தகையாளர் (கட்டட ஒப்பந்தக்காரர்) ‘ஆறு மீட்டரில் கெட்டி மண் வந்துவிட்டது’ என்கிறார். நம்பலாமா?
– வாசகி, கேலாங்

பதில்: அந்த 12ஐ அடுத்து வரும் 2ஐப் பாருங்கள். 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து போட்டு, குழாய் 450 மில்லிமீட்டர் இறங்கும்போது கடைசி 300க்குச் சுத்தியல் எத்தனை முறை விழுந்தது என்பதே அந்த எண். 0 என்றால் சுத்தியலின் எடைக்கே குழாய் இறங்கிவிட்டது, 1 என்றால் ஒரே தட்டில் இறங்கிவிட்டது. உங்கள் வட்டாரத்தில் கடல் களிமண் இரண்டு அடுக்காக இருப்பதுண்டு. நடுவில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கெட்டியான பட்டை. அதன் மேல் அடித்தளத்தை உட்கார வைத்தால் கீழடுக்கு மெல்ல அமுங்கும். துளை எந்த ஆழத்தில் நின்றது, 50க்கு மேல் எண் தொடர்ந்து எத்தனை முறை வந்தது என்று உங்கள் பொறியாளரைக் கேளுங்கள், குத்தகையாளரை அல்ல. அறிக்கையில் உள்ள நிலத்தடி நீர்மட்டம் துளைத்த அன்றே எடுத்ததா என்றும் பாருங்கள். துளைக்கும்போது தண்ணீர் பாய்ச்சுவதால் அன்றைய அளவு பொய்யானது. குழாய் பதித்துச் சில நாள் கழித்து எடுத்ததே கணக்கு.

கேள்வி: பின்கட்டைப் பெயர்த்தபோது சிமெண்ட் பலகைக்கு அடியில், கம்பம் (கிராமம்) இருந்த காலத்துப் பழைய கிணறு. குத்தகையாளர் இடிபாட்டைக் கொட்டி மூடலாம் என்கிறார்.
– வாசகர், செம்பவாங்

பதில்: யாரையும் உள்ளே இறங்க விடாதீர்கள். மூடிக்கிடந்த கிணற்றில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. இடிபாட்டைக் கொட்டினால் மரமும் பிளாஸ்டிக்கும் அடியில் மட்கி, சில ஆண்டில் மேல்தரை குழிவிழும். விட்டம், ஆழம், நீர்மட்டம் அளந்து பொறியாளரிடம் கொடுங்கள். பொதுவாக நீர்மட்டம் வரை சுத்தமான ஜல்லி, அதற்கு மேல் அடுக்கடுக்காக இறுக்கிய மண், கடைசியில் களிமண் அல்லது சிமெண்ட் அடைப்பு. கிணறு இருந்த இடம் கட்டட வரைபடத்தில் ஏறட்டும். அதன் மேல் தூண் வந்துவிடக்கூடாது.

கேள்வி: தர்மபுரியில் போட்ட போரில் டிடிஎஸ் 700. ‘பரவாயில்லை, கொதிக்க வைத்துக் குடிக்கலாம்’ என்கிறார்கள். ஆனால் தெருப் பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை.
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: கறைதான் உங்களுக்கான பதில். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், ஃபுளோரைடைத் தனியே காட்டாது. இந்தியத் தர அளவில் டிடிஎஸ் 500 நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம், மிஞ்சிப்போனால் 1.5. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்கும், அடர்த்தி கூடும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மோட்டாரை கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு, அதே தண்ணீரில் மூன்று முறை கழுவிய இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனில் பிடிக்க வேண்டும். அளவு கூடினால் குடிக்க, சமைக்க மட்டும் ஆர்ஓ அல்லது மழைநீர். குளிக்கத் துவைக்கப் போர்த் தண்ணீரே போதும்.

கேள்வி: தண்ணீர் வராத போரை மூடாமல் வைத்திருக்கிறார் மாமா. ‘மழைக்கு ஊறும், கல் வைத்து மறைத்திருக்கிறேன்’ என்கிறார்.
– வாசகர், ஈசூன்

பதில்: இன்றே போன் போடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது இப்படிக் கைவிட்ட துளையில்தான். கல் நகரும், சாக்கு மட்கும். வைத்திருப்பதானால் கேசிங் வாயில் இரும்புத் தகட்டை வெல்டிங் வைத்தோ போல்ட் போட்டோ மூட வேண்டும், சுற்றி தரைக்கு மேல் 30, கீழ் 30 சென்டிமீட்டர் சிமெண்ட் மேடை கட்ட வேண்டும். கைவிடுவதானால் அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். மேலே மட்டும் அடைத்துவிட்டு உள்ளே வெற்றிடம் விடக்கூடாது. மழைநீரை உள்ளே விடும் எண்ணம் இருந்தால் கூழாங்கல், மணல், ஜல்லி அடுக்கிய வடிகட்டித் தொட்டி வழியாக மட்டும், அதுவும் கூரைத் தண்ணீர் மட்டும். வாசல் சாக்கடைத் தண்ணீரை விட்டால் பக்கத்து வீட்டுக் குடிநீரில் போய்ச் சேரும். மூடி முடித்ததும் மேலே ஒரு செங்கல்லை வைத்து அளவு தெரிய போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.